ஜெர்மன் நகர நாடக அரங்குக்குப் போவது எப்படி: மான்ஹைமை வைத்து ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் ஊர் நடுவில் நிற்கும் நாடக அரங்கத்தை டிராமில் போகும்போது பார்த்திருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். கேட்டால் இரண்டு காரணம் தயாராக இருக்கும்: அது வயதான பணக்காரர்கள் போகிற இடம், அப்புறம் மொழி புரியாது. மொழிக்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். முதல் காரணம் சுத்தமாகத் தப்பு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரியில் 15 சதவீதம் நகராட்சிகளுக்குத்தான் போகிறது, அந்த நகராட்சிப் பணத்தில்தான் அந்த அரங்கம் ஓடுகிறது. அதாவது நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் பாதி டிக்கெட்டுக்கு ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள். பாதி என்பதே குறைத்துச் சொல்வது. ஜெர்மனியின் பொது நாடக அரங்குகளில் பொதுவாக மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட டிக்கெட் வசூல் தொடுவதில்லை. மீதி நகராட்சியும் மாநிலமும் போடுவது. ஒரு ஆள் ஒரு முறை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதற்கு, சராசரியாக 100 யூரோவுக்கு மேல் பொதுப்பணம் போகிறது.

இப்படி 140 அரங்குகளுக்குப் பக்கமாக இந்த நாட்டில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பற்றி எழுத முடியாது. நான் மான்ஹைமை எடுத்துக்கொள்கிறேன். தகவல் தொழில்நுட்பத்திலும் பல்கலைக்கழகத்திலும் நம் ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது ஒன்று. நகராட்சி நாடக அரங்கம் என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதை மான்ஹைம் மாதிரித் தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை என்பது இன்னொன்று. நீங்கள் போக்கும்மிலோ ஃப்ரைபுர்க்கிலோ இருந்தாலும் இதே வழிதான், பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

கதை தெரியாமல் போனால் அங்கே நடப்பது பாதி விசித்திரமாகத் தெரியும். ஏன் ஒரே நாடகம் தினமும் இல்லை, ஏன் 200 வருடப் பழைய நாடகத்தில் நடிகர்கள் டிராக் சூட் போட்டு வருகிறார்கள், ஏன் பாட்டும் நாட்டியமும் வசன நாடகமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன என்பதற்கெல்லாம் பதில் வரலாற்றில் இருக்கிறது.

மான்ஹைம் ஒரு அரண்மனை ஊர். ஃபால்ஸ் பகுதியை ஆண்ட இளவரசர் கார்ல் தியோடோர் இங்கேதான் இருந்தார். 1777 கடைசியில் பவேரியா அவருக்கு வாரிசு முறையில் வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே அரசவையைக் கட்டிக்கொண்டு முனிக்குக்குப் போய்விட்டார். அரசவை போனால் தையல்காரர், சமையல்காரர், இசைக் கலைஞர், வீட்டை வாடகைக்கு விட்டவர் எல்லோர் பிழைப்பும் போச்சு. ஊரைச் சமாதானப்படுத்தக் கொடுத்துவிட்டுப் போனவற்றில் ஒன்றுதான் இந்த நாடக அரங்கம். ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தை அரங்கமாக மாற்றி, வொல்ஃப்காங் ஹெரிபெர்ட் ஃபான் டால்பெர்க் என்பவரைப் பொறுப்பில் வைத்து, 1779 அக்டோபர் 7 அன்று திரை தூக்கினார்கள். ஆகவே ஆரம்பமே கலைத் தாகம் மட்டும் இல்லை. ஊருக்குக் கொடுத்த நஷ்ட ஈடு அது. எந்தக் கலாச்சார நிறுவனத்தின் ‘எங்கள் நோக்கம்’ பக்கத்தைப் படித்தாலும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

அப்புறம் 1782 ஜனவரி 13. நாடகாசிரியர் ஷில்லரின் ‘கொள்ளையர்கள்’ முதல் முறையாக இங்கே மேடையேறியது. நாடகம் நீளம், அதனால் சரியாக 5 மணிக்கு ஆரம்பம் என்று அன்றைய சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள். ஷில்லர் அப்போது பக்கத்து வூர்ட்டம்பர்க்கில் பட்டாள மருத்துவர், 22 வயது. மேலிடத்தில் சொல்லாமல் ஊர் தாண்டி வந்து தன் நாடகத்தைத் தானே பார்த்தார். பிறகு இன்னொரு முறை அதே மாதிரி வந்து மாட்டிக்கொண்டார். வூர்ட்டம்பர்க்கை ஆண்ட டியூக் கார்ல் ஓய்கன் அவரை 14 நாள் உள்ளே வைத்தார், இனி நாடகம் எழுதக் கூடாது என்றும் உத்தரவு. அந்த ஆண்டு செப்டம்பரில் ஷில்லர் ஓடியே போய்விட்டார். முதல் காட்சியன்று முன்பின் தெரியாதவர்கள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரு வர்ணனை எல்லாப் புத்தகத்திலும் வரும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவே எனக்குப் படுகிறது, ஆனால் கூட்டம் கொந்தளித்தது என்பதில் சந்தேகம் இல்லை.

இதில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷில்லர் எழுதியது அவர் காலத்துக் கதை. டால்பெர்க்குக்குப் பயம், ஆட்சியாளர்களுக்குக் கோபம் வரும் என்று. அதனால் கதையைச் சுமார் 300 வருடம் பின்னால் தள்ளி, இடைக்காலத்தின் கடைசியில் நடப்பதாக மாற்றிவிட்டார்கள். ஷில்லருக்கு அதில் இஷ்டமே இல்லை. இன்றைக்கு ஒரு ஷில்லர் நாடகத்தில் நடிகர் செல்போனோடு வந்தால் பக்கத்து சீட் பெரியவர் ‘மூலத்துக்குத் துரோகம்’ என்று முணுமுணுப்பார். மூலத்தின் முதல் காட்சியிலேயே அரங்கம் கையை வைத்துவிட்டது என்று அவரிடம் இடைவேளையில் சொல்லிப் பாருங்கள், நல்ல பேச்சு ஆரம்பிக்கும்.

ஓடிப்போன ஷில்லரை 1783இல் டால்பெர்க் ஒரு வருட ஒப்பந்தத்தில் அரங்கத்தின் ஆஸ்தான எழுத்தாளராக வைத்தார். வருடத்துக்கு மூன்று நாடகம் தர வேண்டும். 1784 ஜூன் 26 அன்று ஊரின் அறிஞர் சங்கத்தில் ஷில்லர் ஒரு உரை நிகழ்த்தினார்: ஒரு ஊரில் நிரந்தரமான நல்ல நாடக மேடை இருந்தால் அதனால் என்ன பயன் என்பது தலைப்பு. சட்டத்தின் கை எங்கே முடிகிறதோ அங்கேதான் மேடையின் நீதிமன்றம் தொடங்குகிறது என்பது அதன் சாரம். ஜெர்மனியில் எந்த நகராட்சியில் நாடகத்துக்குப் பணம் கேட்டாலும், வார்த்தை மாறி மாறி, இன்றுவரை இந்த வாதம்தான் ஓடுகிறது. அந்த உரை நிகழ்த்திச் சுமார் இரண்டே மாதத்தில், மூன்றாவது நாடகம் வரவில்லை என்ற நிலையில் ஷில்லரின் ஒப்பந்தத்தை டால்பெர்க் நீட்டிக்காமல் விட்டுவிட்டார். பொது அரங்கம் ஏன் வேண்டும் என்று சொன்னவருக்கே அங்கே வேலை போய்விட்டது!

1839இல் நிர்வாகம் ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. நாட்டிலேயே முதலில் நகராட்சியின் பொறுப்புக்கு வந்த அரங்கம் தங்களுடையது என்று மான்ஹைம்காரர்கள் சொல்வது இதை வைத்துத்தான். மற்ற பல ஊர்களில் அரண்மனை அரங்குகள் 1918இல் மன்னராட்சி விழுந்த பிறகே அரசின் கைக்கு வந்தன. அதை வைத்துப் பார்த்தால் மான்ஹைம் எண்பது வருடம் முந்தியது.

உங்கள் ஊர் அரங்கத்தின் வரலாற்றைப் படிக்கும்போது 1933 முதல் 1945 வரை என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் தவறாமல் பாருங்கள். இரண்டே வரியில் தாண்டிப் போகிறார்களா, பெயர் சொல்லி எழுதுகிறார்களா என்பதில் அந்த நிறுவனத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். மான்ஹைமில் இசைத் தலைமை நடத்துநராக இருந்த யோசெஃப் ரோசன்ஷ்டோக் யூதர் என்பதால் 1933இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெர்லினில் யூதக் கலைஞர்களுக்கென்று இருந்த சங்கத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, பிறகு ஜப்பானுக்குப் போய் டோக்கியோ இசைக்குழுவை நடத்தினார். பொதுப்பணத்தில் ஓடும் அரங்கம் ஆட்சி சொன்னபடி ஆடிய காலம் அது. இன்றைக்குக் கலைச் சுதந்திரம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்து, பணம் தருகிற நகர மன்றம் எந்த நாடகம் போடுவது என்பதில் தலையிடக் கூடாது என்று இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

1943 செப்டம்பர் 5 அன்று ‘ஃப்ரைஷூட்ஸ்’ என்ற இசை நாடகம் (ஓபரா) நடந்தது. அன்று இரவு குண்டுவீச்சில் கட்டடம் போனது. போருக்குப் பிறகு ஒரு சினிமாக் கொட்டகையில் நடத்தினார்கள். புதுக் கட்டடத்துக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் மீஸ் ஃபான் டெர் ரோஹ பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடம் ஒன்றைத் திட்டமிட்டுக் கொடுத்தார், ஊர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கெர்ஹார்ட் வேபர் கட்டிய அரங்கம் கோதே சதுக்கத்தில், போர்க்கால பதுங்குகுழியின் மேலேயே எழுந்தது. திறந்த நாள் 1957 ஜனவரி 13, அதாவது ‘கொள்ளையர்கள்’ மேடையேறி சரியாக 175 வருடம். பெரிய மேடையில் குண்டு விழுந்த அன்று பாடிய அதே ‘ஃப்ரைஷூட்ஸ்’, சின்ன மேடையில் எர்வின் பிஸ்காட்டர் இயக்கத்தில் ‘கொள்ளையர்கள்’. பழைய அரங்கம் நின்ற இடம் பி 3 சதுரத்தில் இன்று ஷில்லர் சதுக்கம், அவர் சிலையும் உண்டு. (மான்ஹைம் நகர மையத்தில் தெருப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான், வந்த புதிதில் தலை சுற்றும்.)

எதைப் பார்ப்பது

முதலில் மாத அட்டவணையை எடுங்கள். நம் ஊர் சினிமா மாதிரி ஒரே நாடகம் தொடர்ந்து ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்று இசை நாடகம், நாளை நடனம், மறுநாள் வேறொரு நாடகம். நடிகர்கள் அரங்கத்தின் நிரந்தரக் குழு. நேற்று ராஜாவாக நின்றவர் இன்று வேலைக்காரனாக வருவார். இரவு 11 மணிக்குக் காட்சி முடிந்ததும் காட்சியமைப்பைப் பிரித்து வண்டியில் ஏற்றி, மறுநாள் காலை ஒத்திகைக்கு வேறொன்றை நிறுத்தும் ஆட்கள் தனி. தச்சர், சாயம் பூசுகிறவர், விக் பின்னுகிறவர், தையல்காரர் எல்லோரும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். பொதுப்பணத்தின் பெரும்பங்கு இவர்கள் சம்பளத்துக்குத்தான் போகிறது. மேடையில் ஆடம்பரம் காட்டுவதற்குப் போகிறது என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. இந்த முறையால் உங்களுக்கு வருகிற தொல்லை என்னவென்றால், பிடித்த நாடகம் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வரும், சீசன் முடிந்தால் காணாமலும் போய்விடும். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தள்ளிப் போடாதீர்கள்.

ஜெர்மன் சுமார் என்றால் நேராக வசன நாடகத்தில் போய் விழாதீர்கள். நடனத்தில் தொடங்குங்கள், மொழித் தொல்லையே இல்லை. அடுத்தது இசை நாடகம்: மேலே திரையில் வரிகள் ஓடும், பல அரங்குகளில் ஆங்கிலத்திலும் ஓடும், நிகழ்ச்சிக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள். கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்கிற பயமே வேண்டாம், கூத்து பார்க்கிறவர்கள் யாராவது கர்ணன் சாவான் என்று தெரியாமலா விடிய விடிய உட்காருகிறார்கள்? மூன்றாவதாக வசன நாடகம். பி1 அளவு ஜெர்மன் இருந்தால், ஏற்கெனவே படித்த நாடகம் என்றால், சமாளிக்கலாம். புது எழுத்தாளரின் நாடகத்தைக் கொஞ்சம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதில் கொச்சையும் நக்கலும் வேகமாகப் போகும்.

குழந்தை இருந்தால் வேறு கணக்கு. மான்ஹைமில் சிறுவர்களுக்கென்றே 1979இல் தொடங்கிய ‘ஷ்னாவ்ல்’ பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. இன்று அது அரங்கத்தின் தனிப் பிரிவு. கின்டர்கார்டனில் ஜெர்மன் பேசிப் பழகிய பிள்ளை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும். நவம்பர், டிசம்பரில் பெரும்பாலான நகர அரங்குகளில் கிறிஸ்துமஸ் கால தேவதைக் கதை ஒன்று போடுவார்கள். பள்ளிகள் மொத்தமாக வாங்கிவிடும், அக்டோபரிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கல்லில் எழுதிய மாதிரி ஒன்று வேண்டுமென்றால், 1957இல் ஹான்ஸ் ஷூலர் இயக்கிய வாக்னரின் ‘பார்ஸிஃபால்’ இசை நாடகம். அதே காட்சியமைப்போடு அறுபது வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப மேடையேறியது. இடைவேளைகளோடு ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

டிக்கெட்

முழு விலைக்கு வாங்குவதற்கு முன் நான்கு இடத்தில் பாருங்கள். மாணவர் என்றால் முதலில் பல்கலைக்கழக மாணவர் பேரவைப் பக்கம்: பல ஊர்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே சின்னத் தொகையைப் பிடித்து அரங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், இலவசமாகவோ நாமமாத்திர விலையிலோ போகலாம். நீங்கள் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், தெரிந்திருக்காது. அடுத்தது குறைந்த விலை நாள். மாதத்தில் ஓரிரு நாள் எல்லா இருக்கையும் பாதிக்குப் பக்கமாகப் போகும். மூன்றாவது, காட்சிக்கு அரை மணி முன்னால் அரங்க வாசல் கவுன்டர். மிச்ச டிக்கெட்டை மாணவருக்கும் தொழிற்பயிற்சி பெறுவோருக்கும் வேலை தேடுவோருக்கும் மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நான்காவது, வருட சந்தா. அதற்குக் குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட இருக்கை. பக்கத்து சீட்டில் வருடம் முழுக்க அதே முகங்கள், இந்த ஊரில் ஜெர்மன் நண்பர் கிடைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு புது நாடகத்தின் முதல் காட்சி எப்போதும் விலை அதிகம், புதிதாகப் போகிறவர் அதைத் தவிர்க்கலாம்.

பல ஊர்களில் நாடக டிக்கெட்டே அன்றைய டிராம், பஸ் டிக்கெட்டும்கூட. டிக்கெட்டின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

மான்ஹைமுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கோதே சதுக்கக் கட்டடத்தை 2022இல் பெரிய பழுதுபார்ப்புக்கு மூடினார்கள். அந்த வேலை முடியும் வரை இசை நாடகம் லூயிசன் பூங்காவை ஒட்டிய தற்காலிக அரங்கில், வசன நாடகம் ஃப்ராங்க்ளின் பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் பழைய சினிமாக் கொட்டகையில், நடனம் கேஃபர்டாலில். எந்த இடம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு டிராம் ஏறுங்கள், ஒன்றுக்கொன்று தூரம்.

அன்று மாலை

அரை மணி முன்னால் போய்விடுங்கள். பல நாடகங்களுக்கு முன்கூடத்தில் இலவச அறிமுகப் பேச்சு இருக்கும். நாடகத்தை வெட்டி ஒட்டித் தயார் செய்த டிராமதுர்க் வந்து, ஏன் இந்த நாடகம், என்ன மாற்றினோம் என்று இருபது நிமிடம் சொல்வார். மொழி அரைகுறையாகப் புரிகிறவருக்கு இந்த இருபது நிமிடம் டிக்கெட்டைவிட மதிப்பு. சில யூரோவுக்கு நிகழ்ச்சிப் புத்தகமும் விற்பார்கள்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்து எண் வில்லை வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்கால ஜாக்கெட்டோடு உள்ளே போனால் வாசலில் நிற்கும் அம்மா அன்பாகத் திருப்பி அனுப்பிவிடுவார். உடை பற்றிக் கவலை வேண்டாம், ஜீன்ஸ் போதும். புடவை கட்டிப் போனால் யாரும் முறைக்க மாட்டார்கள், இரண்டு பேர் வந்து நன்றாக இருக்கிறது என்பார்கள். மூன்று முறை மணி அடிக்கும், மூன்றாவதுக்குப் பிறகு கதவு சாத்திவிடுவார்கள். ஐந்து நிமிடத் தாமதம் என்றால் பின்வரிசையோ இடைவேளை வரை வெளியேவோ. வரிசைக்குள் நுழையும்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நகருங்கள், முதுகைக் காட்டி நகர்வது இங்கே மரியாதைக் குறைவு.

நாடகம் நடக்கும்போது கதை நகராமல் ஒருவர் பத்து நிமிடம் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். இங்கே இயக்குநர்தான் ராஜா, நாடகாசிரியர் எழுதியது அவருக்கு மூலப்பொருள். பிடிக்கவில்லை என்றால் இடைவேளையில் கிளம்பலாம், அது குற்றமில்லை. ஆனால் நடுவில் எழுந்து போவது வேண்டாம். முதல் காட்சியன்று மட்டும் கடைசியில் இயக்குநர் மேடைக்கு வருவார், அப்போது பிடிக்காதவர்கள் ‘பூ’ (boo) என்று கத்துவதும் வழக்கம். நடிகர்களுக்குக் கைதட்டு, இயக்குநருக்கு ‘பூ’, அடுத்த நிமிடம் திரும்ப நடிகர்களுக்குக் கைதட்டு என்று ஒரே கூட்டம் மாறி மாறிச் செய்வதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

உங்கள் பணம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது

நகர அரங்கம் என்றால் சட்டப்படி கட்டாயச் செலவு இல்லை. பள்ளிக்கூடம், குப்பை, சாக்கடை போலக் கட்டாயம் இல்லாததால், பணமுடை வந்ததும் கத்தி முதலில் இங்கேதான் வரும். பெர்லினில் 1993இல் ஷில்லர் அரங்கத்தையே மூடினார்கள், பெயர் காப்பாற்றவில்லை. பீனா பாஷ் 1973 முதல் நடனக் குழுவை நடத்தி உலகப் புகழ் பெற்றுத் தந்த வுப்பர்டாலில், நாடகக் கட்டடம் 2013இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் ஜெர்மனியின் நாடக, இசைக்குழு அமைப்பு 2014 முதல் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இருக்கிறது.

அதனால் அரங்கம் அச்சடிக்கிற நோக்க அறிக்கையை நான் நம்புவதில்லை, அட்டவணையைத்தான் பார்ப்பேன். ‘எல்லோருக்குமான அரங்கம்’ என்று எழுதியிருக்கும். அப்படியானால் மலிவு நாள் மாதத்தில் எத்தனை, பிறமொழி வரிகள் எத்தனை நாடகத்துக்கு ஓடுகின்றன, சிறுவர் பிரிவுக்குச் சொந்த மேடை உண்டா, ஊரின் துருக்கியப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் மேடையில் தெரிகிறார்களா என்று எண்ணிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. இன்டென்டன்ட் எனப்படும் தலைமைப் பொறுப்பாளரை நகர மன்றம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு நியமிக்கிறது. அவர் மாறும்போது நடிகர்களில் பாதிப் பேரும் மாறலாம், நடிகர் ஒப்பந்தங்கள் வருடா வருடம் நீள்பவை. புது ஆள் வரும் வருடம் உள்ளூர்ச் செய்தித்தாளில் சண்டை சூடாக இருக்கும், படித்தால் ஊர் அரசியலும் சேர்ந்து புரியும். மன்றத்தின் பட்ஜெட் கூட்டங்கள் பொதுவில் நடப்பவை. குடியுரிமை இல்லாததால் ஓட்டுப் போட முடியாவிட்டாலும் போய் உட்காரலாம்.

பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இசை நாடகங்களில் கூட்டமாக நிற்க ஆள் தேவை. பேச்சு கிடையாது, சின்னத் தொகை கொடுப்பார்கள், ஆடை அளவெடுக்கக் கூப்பிடுவார்கள். மான்ஹைம் உட்படப் பல அரங்குகளில் ஊர்வாசிகளை வைத்தே நாடகம் போடும் குழுவும் உண்டு. அதற்கு ஜெர்மன் சுத்தமாக வர வேண்டியதில்லை, பேச்சில் நம் ஊர் உச்சரிப்பு எட்டிப் பார்த்தால் அதையும் நாடகத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். ஜூலை கடைசியிலிருந்து சுமார் ஆறு வாரம் அரங்கம் மூடியிருக்கும், செப்டம்பரில் புது சீசனோடு இந்த அறிவிப்புகளும் வரும். மாலை ஒத்திகைகளுக்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று மட்டும் முதலிலேயே யோசித்துக்கொண்டு எழுதிப் போடுங்கள்.